செல்லி சாப்பிட்டுச் சொன்ன குறைகள்

என் கடையில் இந்தப் பதினான்கு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் சாப்பிட்டிருப்பார்கள். அதில் விடாமல் குறை சொன்னவள் ஒருத்திதான். பெயர் செல்லி. அவள் வாய்க்குப் பயந்து செவ்வாய்க்கிழமை ஏன்தான் வருகிறதோ என்றிருக்கும் எனக்கு. இன்றைக்கு, இந்த எண்பத்தெட்டாம் வருஷத்தில், மலையடிவாரத்து அமிர்தியில் பஸ் நிற்கும் இடத்தில் என் பேரில் சாந்தம்மாள் டிபன் கடை என்று ஒரு பலகை தொங்குகிறதென்றால் அது அவளால்தான். இதைச் சொல்லி வைக்காமல் போனால் என்னைவிட நன்றி கெட்டவள் இருக்க மாட்டாள்.

எழுபத்து நாலில் என் வீட்டுக்காரர் கோபால்சாமி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கையில் இரண்டு பெண் குழந்தைகள். சொத்தென்று எதுவுமில்லை, கல்யாணத்துக்கு வந்த பித்தளைப் பாத்திரங்கள் மட்டும் இருந்தன. அவற்றை அடகு வைக்காமல் அடுப்பில் வைத்தேன். கூரைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு பெரிய தவலை. கல்லாவில் உட்கார என் தம்பி தசரதன். அந்தக் கடை ஓடினால் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். ஓடாவிட்டால் ரோட்டோரம் ஜல்லி உடைக்கப் போக வேண்டியதுதான்.

வேலூரிலிருந்து வரும் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். அதற்குள் இறங்கி, கை கழுவி, சாப்பிட்டு, சில்லறை வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். இப்போது வேலூரில் பாஸ்ட்புட் என்று பலகை மாட்டுகிறார்கள். நான் அதை அப்போதே நடத்தினேன், பெயர்தான் தெரியாது. பத்து நிமிஷத்தில் இட்லியும் தோசையும் எங்கே சுடுவது? அதனால் புளிசோறுதான். விடியற்காலையில் புளிக்காய்ச்சல் காய்ச்சித் தவலையில் ஊற்றி வைத்துவிட்டால் சாயங்காலம் வரை சோற்றில் போட்டுப் பிசைந்து கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து ஜனங்கள் இறங்கி வருவார்கள். அன்றைக்குப் புளி மண்டிக்காரர் தராசோடு வந்து மரத்தடியில் உட்காருவார். சாமை, புளி, கடுக்காய், தேன் என்று தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு என் கடைக்கு வருவார்கள். மலைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தட்டில் விழுந்த சோற்றைக் குறை சொல்ல மாட்டார்கள். சோற்றைப் பழித்தால் அடுத்த வருஷம் சாமைக்கதிர் பதராகப் போகும் என்பார்கள். பிடிக்கவில்லையென்றால் வாய் பேசாமல் கை கழுவி, காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் அந்த ஊர் ஆள் ஒருத்தர்கூடக் கடைப்பக்கம் தலை காட்ட மாட்டார். நானோ, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நம் கைப்பக்குவம் அப்படி என்று மெத்தனமாக இருந்தேன்.

செல்லியும் மலைக்காரிதான். மேலே நாலு மணி நேர நடையில் அவள் வீடு. புருஷன் வீரன் தேன் எடுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்து கால் ஊனம். மூன்று பிள்ளைகள், கொஞ்சம் சாமைக்கொல்லை, நான்கு புளியமரம். என் கடைக்குப் புளி அவளிடம்தான் வாங்குவேன். அவளுக்கு மட்டும் ஏன் வாய் திறந்தது என்று ஒருநாள் கேட்டேன். கல்யாணமான புதிதில் ஒரு நாற்றுப்பண்ணையில் கூலிக்குப் போனாளாம். ஆறு நாள் வேலைக்கு மேஸ்திரி ஐந்து நாள் கூலிதான் கொடுப்பானாம். எல்லோரும் வாங்கிக்கொண்டு சும்மா போவார்களாம். இவள் தினம் ஒரு புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்து வைத்து, ஆறாம் நாள் அவன் முன்னால் அவிழ்த்துக் கொட்டினாளாம்.

"கேட்டேன், குட்த்தான். கேக்காதவங்களுக்கு அவன் குடுக்கல. அன்னிக்கு வாய் தொறந்ததுதாம்மா, அப்பால மூடவே இல்ல" என்றாள்.

அந்த வாய் என் கடையிலும் மூடவில்லை. சோறு குழைந்துவிட்டது, கடலை கருகிவிட்டது, தண்ணீர்ப் பானையில் டம்ளரை விட்டு மொள்ளுகிறாய், ஈ மொய்க்கிறது, மூடி எங்கே. வாரத்துக்கு ஒன்று. அவள் சொன்ன பிறகுதான் தண்ணீர் மொள்ளக் கைப்பிடி வைத்த மொந்தை வாங்கினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது கேட்டிருந்தால் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன், என் யோசனை என்று.

தசரதன் கதை இன்னும் மோசம். அவன் கல்லாவில் உட்கார்ந்தால் சில்லறைக்குப் பஞ்சம் வந்துவிடும். அதிலும் மலைக்காரர்கள் எதிரே நின்றால் ஐந்து பைசா, பத்து பைசா என்ற நாணயங்களே நாட்டில் இல்லை என்பான். ஒருநாள் செல்லிக்குப் பத்து பைசா பாக்கி தர வேண்டியிருந்தது. "சில்லறை இல்ல, அடுத்த வாரம் வாங்கிக்கோ" என்றான். அவள் அடுப்படிக்கு வந்தாள், சோறு அள்ளும் கரண்டியை எடுத்து இடுப்பில் செருகினாள், நடந்தாள்.

"ஏய், கரண்டிய எங்க எட்த்துனு போற?" என்று நான் கத்தினேன்.

"வூட்டுக்கு. உன் தம்பிக்குச் சில்லறை வந்ததும் சொல்லி அனுப்பு, கொண்ணாந்து தர்றேன்."

அந்த வாரம் முழுக்க நான் தட்டால் சோறு அள்ளினேன். பஸ்ஸில் வந்தவர்களெல்லாம் கரண்டி எங்கே என்று கேட்டுச் சிரித்தார்கள். அடுத்த செவ்வாய் தசரதன் பத்து பைசாவைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலேயே வாசலில் நின்றான். அதற்கப்புறம் எந்த மலைக்காரருக்கும் என் கல்லாவில் பைசா குறைந்ததில்லை. என் தம்பியை என்னால் திருத்த முடியவில்லை. அவள் ஒரு கரண்டியால் திருத்தினாள்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

பித்தளைத் தவலைக்கு வருஷம் ஒருமுறை உள்ளே ஈயம் பூச வேண்டும். பூசாத பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், அது விஷம். இது எந்தப் பெண்ணுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுபத்தொன்பதில் ஈயம் பூசுகிறவர் வந்தபோது பெரிய பெண்ணுக்கு ஸ்கூல் செலவு. அடுத்த தடவை பார்க்கலாம் என்று அனுப்பினேன். அடுத்த தடவை வந்தபோது கொட்டகைக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. தவலையின் உள்பக்கம் கறுத்துக் கிடந்தது. பழைய ஈயம் அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எண்பதில், மாசி மாதம். புதுப்புளி வந்த சமயம். செல்லி ஒரு வாய் வைத்தாள், துப்பினாள்.

"இன்னாம்மா இது, காச வாயில போட்டு சப்புன மாதிரி கீது?"

"உன் புளிதான். போன வாரம் நீ போட்டதுதான். பழசக் கலந்துட்டியோ இன்னாவோ" என்றேன்.

அடுத்த வாரமும் அதையே சொன்னாள். நானும் அதையே சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அந்த ரகம். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மண்டிக்காரரிடம், "இந்த வருஷம் மலைப் புளியே சரியில்லீங்க" என்று சொன்னேன். வியாபாரிக்கு அது போதாதா? மூன்றாவது செவ்வாய் அவர் மலைப் புளிக்கு விலையைக் குறைத்துவிட்டார்.

செல்லி நேரே என்னிடம் வந்தாள். அவள் கோபப்பட்டு நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கோபம் இல்லை, முகம் வாடியிருந்தது.

"அந்தப் புளியத்தான் எம் புள்ளைங்களுக்கும் கரைச்சு ஊத்தறேன். அதுங்க நல்லாத்தான கீதுங்க?" என்றாள். நான் அடுப்பை ஊதுவதுபோல் குனிந்துகொண்டேன். அவள் சாப்பிடாமல் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்கால பஸ்ஸில் போன நான்கு பேர் வழியிலேயே வாந்தி எடுத்தார்கள். அதில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. நான்கு பேரும் என் புளிசோறு சாப்பிட்டவர்கள். கண்டக்டர் அருணகிரி அவர்களை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சுகாதார ஆய்வாளரையும் கூட்டிவந்தார். "உயிருக்கு ஒண்ணுமில்லம்மா, ஆனா நான் சொல்லாம இருக்க முடியாது" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை. மலை ஜனம் முழுக்கக் கடைமுன் நின்றது. ஆய்வாளர் நோட்டைத் திறந்து, "என்னம்மா போட்ட சோத்துல?" என்றார். நான் அப்போதும் திருந்தவில்லை. "புளி சரியில்லீங்க சார்" என்றேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லி வந்தாள். தவலையைக் கவிழ்த்து உள்ளே இருந்ததைக் கொட்டினாள். தன் கூடையிலிருந்து ஒரு உருண்டை புளியை எடுத்து, தண்ணீர் தெளித்து, தவலையின் உள்பக்கம் தேய்த்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கறுப்பு கழன்று, தேய்த்த இடம் பொன் மாதிரி மஞ்சளாகப் பளபளத்தது. ஈயம் இருந்திருந்தால் வெள்ளையாக அல்லவா தெரிய வேண்டும்? ஒரு பொட்டு வெள்ளை இல்லை. விளிம்பில் பச்சையாகக் களிம்பு நின்றது. அதை விரலால் வழித்து ஆய்வாளரிடம் காட்டினாள்.

"நல்லா பாத்துக்கோ. எழுது. புளி மேல குத்தமில்ல, தவல மேலதான் குத்தம்னு எழுது."

மலைக்காரர்களுக்குக் கலெக்டரானாலும் "நீ"தான். ஆய்வாளர் சிரிக்காமல் எழுதினார். பிறகு, "இவ நாலு பேர ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா. கடைய ஒரேயடியா மூடிடலாமா? நீங்கல்லாம் புகார் எழுதிக் குடுத்தா இன்னிக்கே மூடிடறேன். கைநாட்டு போடறியா?" என்று அவளையே கேட்டார்.

அவள் புளியின் பேரைக் கெடுத்தவள் நான். அவள் இடத்தில் நான் இருந்தால் பத்து விரலையும் மையில் தோய்த்திருப்பேன்.

"கெட்டது தவல. அத்த மூடு. கடைய ஏன் மூடற?" என்றாள் செல்லி. "ஈயம் பூசிட்டு வரட்டும், நீ வந்து பாரு, பாத்துட்டு தொறக்கச் சொல்லு. இவ கடையும் இல்லன்னா நாங்க மல ஏறற வரைக்கும் பட்டினியா கெடக்கறதா? நான் கேட்டா இவ திட்டுவா, ஆனா அடுத்த வாரம் அத்த சரி பண்ணிடுவா."

அவள் அப்படி என்னைப் பற்றி நினைத்திருக்கிறாள் என்று எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது.

காதுத் தோட்டை விற்று, எல்லாப் பாத்திரத்தையும் வேலூருக்குக் கொண்டுபோய் ஈயம் பூசினேன். ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு பேரையும் போய்ப் பார்த்தேன். அந்தப் பிள்ளைத்தாய்ச்சி என் கையைப் பிடித்து, "பரவால்லக்கா" என்றாள். அவளையும் நான் மறக்கவில்லை. ஆய்வாளர் வந்து பார்த்தார். பதினைந்து நாளில் கடையைத் திறந்தேன்.

ஒருத்தரும் வரவில்லை. பஸ் வந்தது, நின்றது, போனது. ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆறு நாளும் சோறு மாட்டுக்குப் போயிற்று. ஏழாம் நாள் செவ்வாய். அன்றும் விற்காவிட்டால் அரிசி வாங்கக் காசில்லை. ஜல்லி உடைக்கிற மேஸ்திரியிடம் தசரதன் பேசியும் வைத்துவிட்டான். மலை ஜனம் மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த களியைத் தின்றுகொண்டு என் கடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

செல்லி வந்தாள். தவலைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, "போடு" என்றாள். போட்டேன். சாப்பிட்டாள். ஒரு வார்த்தை இல்லை. பாதித் தட்டு ஆயிற்று, முக்கால் ஆயிற்று, வாய் திறக்கவே இல்லை. எதிரே இருந்தவர்கள் களி தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் பேசாமல் எழுந்து கை கழுவிக்கொண்டு போனால் அவ்வளவுதான், அந்த மலையிலிருந்து இனி எனக்கு ஒரு ஆள் கிடையாது. என் வாழ்நாளில் ஒரு குறைக்காக அப்படி ஏங்கியதில்லை. ஏதாவது சொல்லேன்டி என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

தட்டை வழித்து நக்கிவிட்டு நிமிர்ந்தாள். மரத்தடி வரை கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா இது, உப்பே இல்ல. பெருங்காயத்த இப்பிடிக் கொட்டி வச்சிருக்க. பதினஞ்சு நாள் வூட்ல குந்தினு இருந்ததுல கை மறந்து போச்சா?"

எதிரே வேடியப்பன் என்ற கிழவர் முதலில் எழுந்து துண்டை உதறினார். அவர் பின்னால் அவர் பெண்டாட்டி கன்னியம்மாள். பிறகு மற்றவர்கள். எனக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

"செல்லி, உன் புளியப் பத்தி நான் சொன்னது பொய். மண்டிக்காரர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றேன்.

"அப்பால போ" என்றாள் அவள், காலித் தட்டை என் பக்கம் தள்ளி. "ஜனம் வருது பாரு. மொதல்ல உப்பு போடு."