சுகந்தியின் ஸ்கோர் நோட்டு

பிரிக்ஃபீல்ட்ஸ் உணவுக்கடைத் தொலைக்காட்சியில் இலங்கை கிரிக்கெட் அணி ஆடுகிறது.

"ஸ்கோர் என்னக்கா?" என்கிறான் தே தாரிக் தேநீர் கொண்டுவந்த பையன்.

இலங்கையில் போர் நடந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து எங்கள் பக்கத்து வீட்டில் குடும்பத்தோடு தங்கியவள் சுகந்தி. கரகரக்கும் ரேடியோவில் காதை ஒட்டிவைத்து, இலங்கை ஆடும் ஒவ்வொரு ஓவரையும் பள்ளி நோட்டில் எழுதுவாள்.

"உன் வீட்டு மேல குண்டு போட்ட நாட்டுக்கா கை தட்டுற? போ லா, வெக்கங்கெட்டவளே!"

என் பன்னிரண்டு வயது வீரம். நோட்டைப் பிடுங்கி, மழைத்தண்ணீர் ஓடிய லொங்காங் சாக்கடையில் எறிந்தேன்.

அவள் அழவில்லை.

"காணாமப்போன அண்ணா வந்து ஸ்கோர் கேப்பார். அதுக்குத்தான் எழுதினனான்."

அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. மறு மாதமே வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணன் திரும்பினாரா, தெரியாது. வந்து ஸ்கோர் கேட்டிருந்தால் அவளிடம் காட்ட நோட்டு இருந்திருக்காதே; அதனால் திரும்பியிருக்கக் கூடாது என்றுதான் என் மனம் இன்றும் வேண்டுகிறது. எப்பேர்ப்பட்ட வேண்டுதல்!