தூதுவளை கேட்டேன், ரசம் வந்தது

நான் டெல்லியில் ஆய்வு மாணவியாக இருந்தபோது நடந்தது இது. கொரோனா கெடுபிடிகள் ஓய்ந்து, ஆய்வகங்கள் மறுபடி திறந்து, விட்டுப்போன வேலைகளை எல்லோரும் துரத்திப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜனவரி. வெளியே எதிர்க்கட்டடம் தெரியாத மூடுபனி. உள்ளே நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் லேப் கோட் என்று மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

மூலிகைகளில் இயற்கையாகவே இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்களைப் பற்றியது என் ஆய்வு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நறுக்கி வைத்த ஆப்பிள் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிறதல்லவா? ஏறக்குறைய அந்த மாதிரி ஒரு சேதம் நம் உடம்புக்குள்ளும் நடந்துகொண்டே இருக்கிறது. அதைத் தடுக்கிற பொருள்கள் தூதுவளை இலையில் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. அடர் ஊதா நிறத்தில் ஒரு திரவம் வைத்திருப்போம். அதில் இலைச் சாற்றை விடுவோம். சாற்றில் சரக்கு இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வேடிக்கை அது.

ஊரில் அப்பா நிழலில் காயவைத்து அனுப்பிய இலைகளை வைத்தே எல்லாச் சோதனைகளையும் முடித்து, கட்டுரையும் எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். அது வெளிவந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். கட்டுரையைப் பரிசீலித்தவர் எங்கிருந்தோ ஒரு கேள்வி கேட்டார். காய்ந்த இலை சரி, பச்சை இலையில் என்ன வருகிறது? மாதக் கடைசிக்குள் செய்து காட்டாவிட்டால் கட்டுரை திரும்பிவிடும். ஏற்கெனவே ஒரு தடவை அவகாசம் வாங்கியாயிற்று.

பச்சைத் தூதுவளைக்கு டெல்லியில் நான் எங்கே போவேன்? அப்பா ஈரத்துணியில் சுற்றி ரயிலில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். மூடுபனியில் ரயில் தாமதமாகித் தாமதமாகி, வந்து சேர்ந்த பொட்டலத்தைத் திறந்ததும் பக்கத்து மேஜைக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான் விற்கும் கடைகளையெல்லாம் சலித்தேன். பொடி இருந்தது. இலை இல்லை. "பச்சையாவா மேடம்? முருங்கைக்கீரைக்கே இங்க அடிதடி" என்றார் கடைக்காரர்.

கடைசி முயற்சியாக, டெல்லித் தமிழர்களின் ஒரு வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டேன்: "தூதுவளை இலை அவசரமாகத் தேவை. யார் வீட்டிலாவது செடி இருக்கிறதா?"

எதற்கு என்று எழுதவில்லை. அதுதான் நான் செய்த மடத்தனம். குளிர்காலத்தில் ஒரு தமிழச்சி அவசரமாகத் தூதுவளை கேட்டால் மற்ற தமிழர்கள் என்ன நினைப்பார்கள்? மிளகைத் தட்டிப் பாலில் போடச் சொல்லி ஒருவர், ஆவி பிடிக்கச் சொல்லி ஒருவர், உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி ஒருவர் என்று குழுவே என் நெஞ்சுச் சளிக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. நான் விளக்கம் எழுதுவதற்குள் ஒரு போன் வந்தது. மோதி பாக் அரசுக் குடியிருப்பிலிருந்து ஒரு கோயம்புத்தூர் அக்கா.

"ஏங்கண்ணு, இருமல் ரொம்பவா இருக்குது? என்கிட்ட செடி இருக்குது. காத்தால ஜல்தி வந்துரு. காதுல துணி கட்டிக்கிட்டு வா." வைத்துவிட்டார். செடி இருக்கிறது என்ற வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்றதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஐஸ் பெட்டியும் அலுமினியத் தாளுமாகப் போய் இறங்கினேன். மாடிப்படியிலேயே நெய் வாசனை ஆளைத் தூக்கியது. கதவைத் திறந்த அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நேராகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தார். ஆவி பறக்கும் சோறு, தூதுவளைத் துவையல், தூதுவளை ரசம். ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக ஒரு பிளாஸ்க்கிலும் ரசம்.

"செடி எங்கக்கா?" என்றேன். பால்கனியைக் காட்டினார். தொட்டியில் முள்ளும் தண்டும் மட்டும் நின்றன. ஓர் இலை மிச்சமில்லை. நாலு மணிக்கே எழுந்து, நோயாளிப் பெண் வருவதற்குள் ஆகட்டும் என்று முள் எடுத்து, நெய்யில் வதக்கி எல்லாவற்றையும் சமைத்து முடித்திருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா முதலில் இருமலின் கஷ்டம் என்றுதான் நினைத்தார். முதுகைத் தடவினார். நான் விசும்பிக்கொண்டே ஊதா, மஞ்சள், ஆய்விதழ், மாதக் கடைசி என்று முழுக்கதையையும் சொல்லி முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட சாமீ! ஆராய்ச்சிக்கா கேட்ட? நானு துவையலு அரைச்சுப் போட்டனே!" என்றவர் அடுத்த நொடி விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. "சரி, மொதல்ல சாப்புடு. அப்பறம் என்ற கூட வா."

அரசுக் குடியிருப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றல் உத்தரவு வந்தால் லாரியில் ஏறாத தொட்டிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி அந்தக் காலனி முழுக்கத் தூதுவளை பரவியிருந்தது. அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் மணி அடித்தார். எல்லா வீட்டிலும் செடி இருந்தது. எந்தச் செடியிலும் இலை இல்லை! குளிர்காலமாயிற்றே, எல்லோருமே பறித்துத் தின்று தீர்த்திருந்தார்கள். போன இடமெல்லாம் "இருமல் இப்ப பரவாயில்லையாம்மா?" என்று விசாரணை வேறு.

நான் சோர்ந்து படியில் உட்கார்ந்தபோதுதான் பின் பிளாக்கில் இருக்கும் பஞ்சாபி ஆன்ட்டியின் நினைவு அக்காவுக்கு வந்தது. அவர் வீட்டுக் கண்ணாடி பால்கனிக்குள் நுழைந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். ஜன்னல் கம்பி தெரியாமல் தூதுவளை படர்ந்திருந்தது. உள்ளங்கை அகலத்தில் இலைகள், நடுவில் ஊதாப் பூக்கள். காரணம் எளிது. அது சாப்பிடுகிற செடி என்று அவருக்குத் தெரியாது. மாற்றலாகிச் சென்னைக்குப் போன ஒரு தமிழ்த் தோழி லாரி கிளம்புகிற அவசரத்தில் தொட்டியைக் கையில் கொடுத்து, பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவரும் பார்த்துக்கொண்டார். பூ பூத்தால் போட்டோ எடுத்துத் தோழிக்கு அனுப்புவாராம்.

பாதிச் செடியின் இலையாவது வேண்டும் என்று கேட்டேன். ஆன்ட்டி செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பூவிருந்த ஒரு கொடியை மெல்லத் தடவிக்கொடுத்தார். இத்தனை ஆசையாக வளர்த்தவரிடம் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. "பரவாயில்லை ஆன்ட்டி" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். உள்ளுக்குள் கட்டுரை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

"இரு பேட்டா. இதை வைத்து என்னதான் செய்வாய்?" என்று கேட்டார். என் செல்போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். ஊதாத் திரவத்தில் சாறு விழுகிறது, நிறம் கரைந்து மஞ்சளாகிறது. மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கத்திரிக்கோலோடு வந்தார். தானேதான் வெட்டுவாராம், பூவிருக்கும் கொடியில் கை வைக்க மாட்டாராம். அத்தோடு ஒரு நிபந்தனை: அந்த வேடிக்கையை நேரில் காட்ட வேண்டும்.

இலைகள் ஐஸ் பெட்டிக்குள் போகப் போக எனக்கு அந்தப் பால்கனியிலேயே குதிக்கலாம் போலிருந்தது.

என் பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமை இருவரையும் லேபுக்கு அழைத்தேன். கல்யாணத்துக்கு வருவதுபோல் ஆன்ட்டி பட்டு சல்வாரில் வந்தார். அக்கா புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக, கையில் பிளாஸ்க்கோடு. ஆன்ட்டி வீட்டு இலையின் சாறு விழுந்து ஊதா வெளுத்தபோது ஆன்ட்டி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அங்கேயே சென்னைத் தோழிக்கு வீடியோ கால் போட்டு, "உன் செடி பாஸ்!" என்று கத்தினார். அக்காவுக்கு அது போதவில்லை. "என்ற ரசத்தையும் ஊத்திப் பாரு கண்ணு" என்றார். கட்டுரையில் சேராது என்று சொல்லிவிட்டு, வடிகட்டி விளையாட்டுக்கு விட்டேன். அதுவும் மஞ்சளானது. அதற்கப்புறம் அக்காவைக் கையில் பிடிக்க முடியுமா? சிரித்தே பார்த்திராத என் பேராசிரியர் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார்.

பச்சை இலையின் முடிவுகள் நல்லபடியாக வந்தன. கட்டுரையும் வந்தது, பட்டமும் வந்தது.

அடுத்த குளிர்காலத்தில் இனிப்பு வாங்கிக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். பழக்கதோஷத்தில் பால்கனியை எட்டிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. செடி மொட்டையாக நின்றது. பட்டுவிட்டதோ என்று நான் பதறியதைப் பார்த்து ஆன்ட்டி வெட்கத்தோடு சிரித்தார். சமையலறையிலிருந்து ஒரு தட்டு வந்தது. பச்சைப் பச்சையாக இலை தெரியும் பராத்தா. சென்னைத் தோழி போனில் சொல்லச் சொல்ல, முள் எடுக்க அக்கா கற்றுக்கொடுக்க, குளிர் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் இதுதானாம். "இருமலே இல்லை பேட்டா" என்றார். நெய் சொட்டச் சொட்ட நான் எத்தனை தின்றேன் என்று கேட்காதீர்கள்.

என் கட்டுரையை உலகத்தில் யார் யார் படித்தார்களோ எனக்குத் தெரியாது. ஊதா வெளுத்ததைக் கண்ணால் பார்த்து, அதை நம்பி அடுப்பை மூட்டிய ஒரு வீட்டில் கை நனைத்த அன்றுதான் என் படிப்பு முடிந்தது என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.