பதினொரு மணிக் கஞ்சி

குழந்தைகள் இல்லத்தில் என் ஓரகத்தியை எல்லாரும் ‘ஊதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. இப்போது அது அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு கரண்டிக் கஞ்சியையும் மூன்று தரம் ஊதி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துத்தான் ஊட்டுவாள். பதினேழு வருஷமாக அப்படித்தான். அவள் கையால் சாப்பிட்ட பிள்ளைகள் பல் முளைக்கும் முன்பே ஊதக் கற்றுக்கொண்டன. கரண்டியைக் கண்டதும் உதட்டைக் குவித்துக்கொண்டு அவையும் ‘பூ பூ’ என்று ஊதும்.

அவள் அறையில் பதினொரு தொட்டில்கள். கம்பியில் பூசிய வெள்ளைச் சாயத்தைப் பிள்ளைகள் கடித்தே உரித்திருந்தன. பின்கட்டில் துணி துவைக்கும் தொட்டி. அது என் இடம். சின்னவன் பீத்துணி எது, பெரியவன் பீத்துணி எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

வெளிநாட்டிலிருந்து ஊர் சுற்ற வருகிறவர்கள் நடுவில் ஒரு வாரம் இங்கே சேவை செய்வார்கள். சேவை என்றால் தூக்குவது, ஊட்டுவது, படம் எடுப்பது. ஒருத்தராவது ஒரு நாளாவது என் தொட்டிப் பக்கம் வந்திருந்தால் என் காதை அறுத்துக் கொள்கிறேன். நாற்றம் வரும் வாசல்வரை வருவார்கள். மூக்கைச் சுளித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

எல்லாக் கூத்தும் அப்படி வந்த ஒரு தொப்பிக்காரியால் வந்தது. பதினொரு பிள்ளைகளில் நோஞ்சான் ஒன்று. ஊதி அதற்குச் சுண்டெலி என்று பெயர் வைத்திருந்தாள். தொப்பிக்காரி ஆவி பறக்கும் கஞ்சியை அப்படியே அதன் முகத்துக்கு நேரே நீட்டினாள். சுண்டெலி உதட்டைக் குவித்தது. கூட வந்தவன் படம் எடுத்துவிட்டான். பிள்ளை தனக்கு முத்தம் கொடுக்கிறது என்று தொப்பிக்காரி கண்ணீர் விட்டு அழுதாள். மேனேஜர் அந்தப் படத்தைக் கதவளவு பெரிதாக்கி முன்கூடத்தில் மாட்டினார்.

“அடப்பாவிகளா, சுடுதுன்னு ஊதுதுய்யா அது!” என்றாள் ஊதி.

“சும்மா இரும்மா. பாக்கறவங்களுக்கு முத்தமா தெரிஞ்சா முத்தம்தான்” என்றார் மேனேஜர்.

அதற்கப்புறம் வருகிறவர்களுக்கெல்லாம் அந்த முத்தம் வேண்டும். வேன் வேனாக வந்தார்கள். ஆனால் அவர்கள் ஓட்டலில் எழுந்து குளித்து, தங்கள் வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்து சேரப் பத்தரை ஆகும். பிள்ளைகளுக்கோ எட்டு மணிக்குக் கஞ்சி. வயிறு நிறைந்த பிள்ளை வாயைத் திறக்குமா? மேனேஜர் ஒரே சொல்லில் கஞ்சியைப் பதினொரு மணிக்கு மாற்றினார்.

“ஆறு மணிக்குக் குடிக்கிற பால் பதினொண்ணு வரைக்கும் தாங்குமா சார்?”

“பசியா இருந்தாதான்மா ஆசையா சாப்பிடும். வந்தவங்க மனசு நெறையணும்ல?”

வந்தவர்கள் மனசு நிறையப் பிள்ளைகள் வயிறு காயணும். ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும் அழுகை பின்கட்டுவரை கேட்கும். பத்துக்கு மேல் அழக்கூடத் தெம்பிருக்காது. கைவிரலைச் சப்பிக்கொண்டு படுத்திருக்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் எடை பார்க்க நர்ஸம்மா வருவாள். மூன்று வெள்ளி தொடர்ந்து சுண்டெலி இறங்கிக்கொண்டே வந்தது. “அடுத்த வாரமும் கொறைஞ்சா ஆஸ்பத்திரிதான். இது இருக்கற இருப்புக்கு அங்க போனா பொழைக்கும்னு என்னால சொல்ல முடியாது” என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊதி என்னிடம் ஓடி வந்தாள். முந்தானைக்குள் கஞ்சிக்கறை பட்ட கழுத்துத்துணிகள்.

“அக்கா, இதையெல்லாம் தண்ணிக்குள்ள அமுக்கிடு.”

“அடியே, ஊட்டிட்டியா? தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிருவாங்கடி.”

“கிழிக்கட்டும். நீ துணியைக் கிழிக்காம துவை.”

நான் அமுக்கினேன். ஐந்து நாள் அப்படியே ஓடியது. பதினொரு மணிக்குப் பிள்ளைகள் ஏதோ நாலு வாய் வாங்கின. வந்தவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆறாம் நாள், வியாழக்கிழமை, ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி சின்னப் பெண். முதுகில் தன் உயரத்துக்கு மூட்டை, வெயிலில் தோலுரிந்த மூக்கு. பாவம், முகம் நல்ல முகம்தான். சுண்டெலியைத்தான் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது வாயை இறுக மூடிக்கொண்டது. அவள் கரண்டியால் உதட்டைப் பிளந்து திணித்தாள். இரண்டாம் கரண்டியில் எட்டு மணிக் கஞ்சியும் சேர்ந்து அவள் மடியில் வந்து விழுந்தது.

சத்தம் கேட்டு நான் ஈரக்கையோடு ஓடினேன். மேனேஜர் முகம் கடுகடுவென்று இருந்தது. “யார் இதுக்கு முன்னாடியே ஊட்டினது?”

“நான்தான். எட்டு மணிக்கு. பசிச்சுது, ஊட்டினேன்” என்றாள் ஊதி.

மூட்டைக்காரி ஏதோ கேட்டாள். மேனேஜர் பல்லைக் காட்டிக்கொண்டு அவள் பாஷையில் பதில் சொன்னார். எனக்குப் பக்கத்தில் நின்ற வேன்காரர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு என் காதில் சொன்னார். “அந்தப் பொண்ணைப் பாத்த சந்தோஷத்துலயே பிள்ளைக்கு வயிறு நெறஞ்சிருச்சாம். அப்படிச் சொல்றாரு, பாட்டி.”

“தூ!” என்றேன்.

ஊதிக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் மேனேஜரின் இளிப்பிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டியில் ஒரு கரண்டி மொண்டாள். நேராக அந்தப் பெண்ணின் வாயருகே நீட்டினாள். ஆவி முகத்தில் அடித்ததும் அவள் சட்டென்று பின்வாங்கி, உதட்டைக் குவித்து ஊதினாள்.

ஊதி கரண்டியைத் தாழ்த்தவில்லை. மறுகையால் முன்கூடத்துப் படத்தைக் காட்டினாள். அப்புறம் சுண்டெலியைக் காட்டினாள். சுவர்க் கடிகாரத்தில் எட்டைக் காட்டி வயிற்றைத் தொட்டாள். பதினொன்றைக் காட்டிக் கையை விரித்தாள்.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. மடியில் கிடந்த வாந்தியைக்கூடத் துடைக்காமல், வேன்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊதியிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்புறம் மேனேஜர் பக்கம் திரும்பிக் கத்தினாள் பாருங்கள், தொட்டில் பிள்ளைகள் எல்லாம் அழுகையை நிறுத்திவிட்டன. அவள் கூட்டம் முழுக்கக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வேனில் ஏறிவிட்டது. எழுதி நாறடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் மேனேஜர் அன்று சாயங்காலமே கஞ்சியைப் பழையபடி எட்டு மணிக்கு மாற்றினார். மறுநாள் வெள்ளிக்கிழமை. சுண்டெலி கால் கிலோ ஏறியிருந்தது. நர்ஸம்மா தராசைத் தட்டிவிட்டு இரண்டாம் தரமும் பார்த்தாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். மனுஷனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே முடியும். அடுத்த மாதமே வேறு வேன் வந்தது. எட்டு மணிக் கஞ்சியில் கை வைக்கவில்லை. ஆனால் இப்போது பதினொரு மணிக்குக் கிண்ணத்தில் கஞ்சி இல்லை. மாவு கரைத்த வெந்நீர். படத்தில் எது கஞ்சி, எது தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகளும் கரண்டியைக் கண்டு ஊதுகின்றன. வந்தவர்களும் கன்னத்தைக் காட்டுகிறார்கள். ஊதியை வேலையை விட்டு அனுப்பவில்லை; அனுப்பினால் பதினொரு பேருக்கு யார் ஊட்டுவது? வேன் வந்ததும் அவள் பின்கட்டுக்குப் போய்விட வேண்டும், வந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. தொட்டி விளிம்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து துணி பிழிகிறாள்.

முன்கூடத்துப் படத்தையும் நான்தான் துடைக்க வேண்டுமாம். மேனேஜர் மூன்று தரம் சொல்லிவிட்டார்.

“பிள்ளைங்க பீயைத் துடைக்கறேன் சார். அதைத் துடைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.