உச்சி வெயிலில் பச்சை எழுத்து

காயல்பட்டினத்து ஸஹ்லா ஒளியியல் படிக்கப் போகிறாள் என்றதும், கண் டாக்டராகப் போகிறாள் என்றுதான் தெருவில் பலர் நினைத்தார்கள். அவள் உம்மா ஜெய்னம்புக்கோ, மகள் எதைப் படித்தாலும் சாதிப்பாள் என்ற நம்பிக்கை இருந்தது.

சென்னையில் படிப்பை முடித்தவள் தூத்துக்குடியில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தாள். துறைமுகக் கிரேன் ஓட்டுநர்கள் அணிய அங்கே ஒரு கண்ணாடி செய்துகொண்டிருந்தார்கள். எதிரே உள்ள உலகமும் தெரிய வேண்டும். தூக்குகிற சரக்குப் பெட்டியின் எண்ணும் எடையும் அதன்மேல் எழுத்தாக மிதக்க வேண்டும். நெற்றியருகே இருக்கும் சின்னத் திரையின் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் வில்லையை வடிவமைப்பது ஸஹ்லாவின் பொறுப்பு.

அறைக்குள் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. அதை மாட்டிக்கொண்டு கிரேன் மேல் ஏறியபோது, உச்சி வெயிலும் கடலின் பளபளப்பும் சேர்ந்து எழுத்தை விழுங்கிவிட்டன.

“கண்ணாடிக்குக் கறுப்புச் சாயம் ஏத்திருவோம், எழுத்து பளிச்சுன்னு தெரியும்” என்றார் மேலாளர் நேசக்குமார்.

சாயம் ஏற்றியதை மாட்டிப் பார்த்த ஓட்டுநர் பொன்னுதுரை உடனே கழற்றிவிட்டார். “எழுத்து தெரியுதும்மா. கப்பல் நிழல்ல நிக்குத ஆளு தெரியல. நான் எப்படிப் பெட்டிய இறக்குவேன்?”

“நீங்க சொல்லுதது சரி அண்ணாச்சி. இது வேண்டாம்” என்ற ஸஹ்லா, மேலாளரிடம் போராடி அவகாசம் வாங்கினாள்.

எழுத்துக்கு ஒரே ஒரு பச்சை போதுமே, எல்லா நிறத்தையும் ஏன் திருப்ப வேண்டும் என்று யோசித்தாள். அந்தப் பச்சையை மட்டும் முழுதாகத் திருப்பி, மற்ற நிறங்களை அப்படியே உள்ளே விடும் மெல்லிய பூச்சுகளை அடுக்கடுக்காகக் கணக்கிட்டாள். முதல் வில்லையில், ஓரத்தில் ஒளி சாய்வாகப் பட்டதால் அங்கே எழுத்து அணைந்துபோனது. வளைவைத் திருத்தினாள். மறுபடி தோற்றாள். மறுபடி திருத்தினாள்.

கடைசியில் வந்த வில்லையோடு பொன்னுதுரை நண்பகலில் மேலே ஏறினார். ஸஹ்லா கீழே வயர்லெஸ்ஸைப் பிடித்தபடி நின்றாள்.

“நம்பர் தெரியுது. எடையும் தெரியுது. பச்சை கொறஞ்சு உலகமே லேசா ரோஸ் கலரா இருக்கு, அவ்வளவுதான்” என்றது அவர் குரல். சட்டென்று அதட்டினார். “ஏலே சிவனாண்டி, நிழல்ல நின்னா தெரியாதுன்னு நெனச்சியா? ஹெல்மெட்ட மாட்டுலே!”

கப்பலடியில் நின்ற தொழிலாளி சிவனாண்டி தன் வயர்லெஸ்ஸில் அதைக் கேட்டு அவசரமாக ஹெல்மெட்டை மாட்டினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெட்டி நேராக இறங்கி லாரியில் அமர்ந்தது.

  பக்கத்தில் நின்ற காவலாளி கேட்காமலே, ஸஹ்லா அவரிடம் திரும்பிச் சொன்னாள்:

“அவர் போட்டிருக்காருல்லா, அந்தக் கண்ணாடி நான் செஞ்சது.”