கல்யாண நாளுக்கு வந்த வால்வு

எங்கள் கல்யாண நாளன்று கணவர், சிவப்புக் காகிதம் சுற்றிய சின்னப் பெட்டி ஒன்றை என் கையில் வைத்தார். பெட்டி கனத்தது. தோடாக இருக்கும் என்று ஆசையோடு பிரித்தேன். உள்ளே விரல் நீளத்தில் பித்தளையில் ஏதோ ஒன்று, பக்கவாட்டில் குட்டிக் கைப்பிடியோடு கிடந்தது.

"என்னங்க இது, தண்ணிக் குழாயா?"

"வால்வு. உன் வண்டிக்கு லா. ஆயில் மாத்துறப்ப இனிமே போல்ட்டக் கழட்ட வேண்டாம். இந்தக் கைப்பிடியத் திருப்புனா போதும், ஆயில் தானா இறங்கிடும்."

தேக்காச் சந்தையிலிருந்து உணவகங்களுக்கும் கோயில்களுக்கும் வாழையிலையும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். பிக்கப் வண்டி என்னுடையது, ஓட்டுவதும் நான்தான். நாள் முழுக்க ஓடுகிற வண்டி என்பதால் ஆயில் அடிக்கடி மாற்ற வேண்டும். அதையும் நானே செய்துகொள்வேன். நாங்கள் குடியிருக்கும் மார்சிலிங்குக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் பாய், ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் கொடுப்பார். எவ்வளவு கவனமாக இருந்தாலும் வண்டிக்கு அடியில் ஆயில் துளையை அடைத்திருக்கும் அந்த போல்ட் கழன்று வரும் நேரத்தில் சுடச்சுட ஆயில் கையில் வழிந்துவிடும். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தபடி நான் புலம்புவதை, தஞ்சோங் பகாரில் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் இந்த மனிதர் காதில் வாங்கி வைத்திருக்கிறார். தோடு இல்லையே என்ற வருத்தம் வந்த வேகத்தில் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் கூடவே வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"மச்சான் கல்யாணத்துக்குப் போறாப்ல இருக்கு," என்றார் பாய்.

"சும்மா பாக்கத்தான் வந்தேன் பாய். வேலை எல்லாம் அவதான்."

வண்டியை மேலே தூக்கி, அடியில் தட்டை வைத்து, போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் கறுப்பாகக் கொட்டியது. போல்ட் என் விரலிலிருந்து நழுவித் தட்டுக்குள் விழுந்தது. இனிமேல் அது எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். ஆயில் முழுக்க வடிந்ததும் துளையைச் சுற்றித் துடைத்துவிட்டு, வால்வை வைத்து விரலால் திருகினேன். ஒரு சுற்றுக்கூடப் போகவில்லை. இறுகிக்கொண்டது.

"ஸ்பேனர் போட்டா போயிடும்ல?" என்றார் கணவர்.

"ஐயோ வேணாம்! மரை போச்சுன்னா அடியில இருக்குற ஆயில் தொட்டியையே மாத்தணும்."

பாய் வந்து வால்வை வாங்கி, துளையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "மரை அளவு வேற தங்கச்சி. இந்த வண்டி ரெண்டு வகை எஞ்சின்ல வருது லா. மச்சான் இன்னொரு எஞ்சினுக்கு வாங்கிட்டாரு."

கணவரின் முகம் வாடிப்போனது. அந்த நேரம் பார்த்து என் கைப்பேசி அடித்தது. தோ பாயோ கோயிலில் கல்யாணச் சாப்பாடு போடுகிறவர். இலை கொண்டுவர வேண்டியவரின் வேன் வழியில் நின்றுவிட்டதாம்.

"அக்கா, உங்களால முடியுமா? தாலி கட்டி முடிஞ்சிருச்சு, எல்லாரும் பந்திக்கு வந்திருவாங்க!"

என் வண்டியோ ஒரு சொட்டு ஆயில் இல்லாமல் உயரத்தில் நிற்கிறது. ஆனாலும், "வந்துட்டே இருக்கோம்," என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அந்தப் பழைய போல்ட் வேண்டும். பாய் காந்தக் குச்சியைத் தேடி உள்ளே போனார். அவர் திரும்புவதற்குள் கணவர் தட்டின் முன் மண்டியிட்டுவிட்டார். ஆயில் ஆறி வெதுவெதுப்பாக இருந்தது. சட்டைக் கையை மேலே சுருட்டி, இடது கையை அப்படியே உள்ளே விட்டுத் துழாவினார். "கெடச்சிருச்சு!" என்று அவர் தூக்கிக் காட்டியபோது, கையெல்லாம் தார் பூசியதுபோல் பளபளத்தது. காந்தக் குச்சியோடு வந்த பாய், அதை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தார்.

போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு முடுக்கினேன். பாய் மேலே இருந்து புது ஆயிலை ஊற்றினார். எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டு கிளம்பினோம். தேக்காவில் இலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தோ பாயோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பந்திக்கு வந்தவர்கள் மேசை முன்னால் வெறுமனே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கணவர் தோளில் கட்டைச் சுமந்துகொண்டு நடுவே நடந்தார். துணியால் எவ்வளவு துடைத்தும் கையின் கறுப்பு போகவில்லை.

பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா அவரை நிறுத்தினார். "ஏன் தம்பி, மாப்பிள்ளைக்குக்கூட மருதாணி இவ்வளவு நல்லாப் பிடிக்கலையே!"

அந்த வரிசையே சிரித்தது. கணவரும் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். சாப்பிடாமல் போக அவர்கள் எங்களை விடவில்லை. அவர் இடது கையை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினார். அந்த வாரத்திலிருந்தே அந்தக் கோயிலுக்கு இலை கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்துவிட்டது.

அடுத்த முறை ஆயில் மாற்றும் நாள் வருவதற்குள், பாயிடம் போய் அளவு கேட்டு, கணவர் சரியான வால்வை வாங்கிவிட்டார். நான் திருகினேன். விரலுக்கே வழுக்கிக்கொண்டு கடைசிவரை போனது. பிறகு ஸ்பேனரால் அளவாக முடுக்கினேன். கைப்பிடி ஓட்டத்தில் தானாகத் திறந்துவிடுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அது வால்விலிருந்த சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்து பூட்டிக்கொள்வதை பாய் காட்டினார். தூக்கித் திருப்பினால்தான் திறக்கும். இருந்தாலும் வீட்டுக்குக் கீழே நிறுத்தும்போது வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தேன். காலையில் குனிந்து பார்த்தேன். அட்டையில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

அதற்கடுத்த முறை ரப்பர் குழாயை வால்வின் வாயில் மாட்டி, கைப்பிடியைத் தூக்கித் திருப்பினேன். ஆயில் சத்தமே இல்லாமல் நேராக டப்பாவுக்குள் இறங்கியது. என் விரல் நுனியில்கூடப் படவில்லை. பக்கத்தில் நின்ற கணவர் என்னை இடித்தார்.

"கொஞ்சம் மூடு. இந்தத் தடவ நான் தொறக்குறேன்."

நான் மூடிவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தேன்.