மலையைப் பார்த்த கதவு

தனப்பிரியாவுக்கு இரண்டு காது போதாது என்று தொழிற்சாலையில் கேலி பேசுவார்கள். அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் குளியலறை, ஒயரிங் எல்லாம் வைத்து முழு அறையாகவே செய்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். போய் இறங்கும் இடத்தில் அதற்கேற்ற அடித்தளம் தயாராக இருக்க வேண்டும். இரண்டையும் பொருத்தி வைப்பதுதான் அவள் வேலை. பொருந்தினால் அவளை யாரும் நினைக்கப்போவதில்லை. பொருந்தாவிட்டால், ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

அன்று அவள் மகன் சித்தார்த்துக்குத் திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் கோயிலில் காதுகுத்து. பாழாய்ப்போன லாரிகளும் அன்றைக்குத்தான் வந்தன, அதே மலையடிவாரத்துக் கல்லூரியின் ஊழியர் குடியிருப்புக்கு. நான்கு அறைகளையும் இறக்கிவிட்டு முகூர்த்தத்துக்குள் மேலே போய்விடலாம் என்று பட்டுச்சேலையோடு வந்து நின்றாள்.

முதல் அறையைக் கிரேன் தூக்கியதும் அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். அறையின் கக்கூஸ் குழாய் வடக்கே இருந்தது. தரையில் விட்டிருந்த குழாய் தெற்கே இருந்தது.

"ஏனுங்கண்ணா, குழாய மாத்திப் போட்டுட்டீங்களா?"

மேஸ்திரி சென்னியப்பன் துளியும் அசரவில்லை. "வடக்கால மலைங்க அம்மிணி. மலையப் பாத்துக் கக்கூசு வெப்பாங்களா? காங்கிரீட்டு போடறப்பவே போன்ல சொன்னனுங்களே. நீங்கதான் சரிங்க, சரிங்கன்னீங்க."

சொல்லியிருப்பார். அவளுடைய மறு காதில் தொழிற்சாலை இருந்திருக்கும். நாளெல்லாம் இரண்டு பக்கமும் 'சரிங்க' போட்டுத்தான் பிழைப்பு ஓடுகிறது. இருந்த அலுப்பில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

தரையை உடைத்துக் குழாயை வடக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டால், மீதியை மேஸ்திரி பார்த்துக்கொள்வார். அவள் கிளம்பிவிடலாம். சொல்ல வாயெடுத்தவள் மலையை நிமிர்ந்து பார்த்தாள். பெற்ற பிள்ளையை மேலே உட்கார வைத்துவிட்டு, கீழே அந்தப் பக்கமாய்க் கக்கூஸ் வைக்கச் சொல்ல அவளுக்கும் நாக்கு எழவில்லை. அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே.

"அறையவே திருப்பி எறக்குங்கண்ணா" என்றாள்.

திருப்பினால் கக்கூஸ் தெற்கே போகும், கதவு மலையைப் பார்க்கும். ஆனால் தண்ணீர், கரண்ட் இணைப்பெல்லாம் இடம் மாறும். தொழிற்சாலையைப் போனில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறைக்கும் அதைச் சரிபார்க்க அவளை விட்டால் ஆளில்லை.

இரண்டாவது அறை அந்தரத்தில் தொங்கும்போது தம்பி சிவக்குமார் மலையிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, நேரமாச்சு. என்ற மடியிலதான் உக்காந்திருக்கறான். அம்மா வந்தாத்தான்னு அடம் புடிக்கறான். நிறுத்தட்டுமா?"

"நேரம் தவறக் கூடாது சிவா. குத்தச் சொல்லிரு. போன மட்டும் வெச்சராத."

பிள்ளை வீறிட்டது. கிரேன்காரர் மேலிருந்து, "எறக்கலாங்களா?" என்று கத்தினார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் தலையாட்டினாள்.

வெயில் தாழ்ந்தபின்தான் வேலை ஓய்ந்தது. பட்டுச்சேலை முட்டிவரை சிமெண்டாகியிருந்தது. கடைசி அறைக்குள் போய்க் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள். வாசல் நிறைய மலை நின்றது.

போன் அடித்தது. அழுது அழுது கம்மிப்போன குரல். "எங்கம்மா போன நீயி?"

"எங்கயும் போவுல சாமி" என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "உனக்கு நேர் கீழதான் நின்னுட்டு இருந்தேன்."