மெழுகில் வார்த்த தோட்டா

என் கணவருக்குத் தபால் கந்தோரில் முத்திரை குத்துகிற வேலை. அந்த வேலை பார்ப்பவருக்கு இராணுவத் துவக்கு ஒன்று ஏன் அவசியம் என்பது அவரைத் தவிர யாருக்கும் விளங்கவில்லை.

கிளிவெட்டியில் எனக்குச் சீதனமாக வந்த வயல் மூன்று ஏக்கர். அதை என் தம்பி செய்துவந்தான். நாங்கள் திருகோணமலை டவுனில் இருந்துகொண்டு, எங்கள் பங்கு நெல்லை மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் ஏற்றி வந்து சாப்பிட்டோம். பன்றிக்குக் காவலாக ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை, பிடி உடைந்து கம்பி சுற்றியிருந்தது. ஆனால் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால் வெடிக்கும். ஒரு துவக்கிடம் நான் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான்.

அதைக் கொடுத்துத்தான் இவர் புதியதை மாற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது மிஞ்சிய சாமான்களை வாங்கி விற்ற கொந்தராத்துக்காரர் ஒருவர் இருந்தார். என் கணவரின் உயர்ந்த ரசனையை முதன்முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். துவக்கு நீளமாக, எண்ணெய் மினுங்க இருந்தது. பக்கத்தில் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒன்று. அதைத் தூக்கிப் பின்னால் இழுத்து, தோட்டாவை வைத்து, திரும்பத் தள்ளிப் பூட்ட வேண்டுமாம்.

"இஞ்சாரும், இது உலக யுத்தம் பார்த்த துவக்கு," என்றார்.

"பண்டியள் உலக யுத்தத்துக்கே வருகுதுகள்?" என்று கேட்டேன். அவர் துவக்கைத் துடைக்கத் தொடங்கினார்.

துவக்கோடு ஐந்து தோட்டாவும் வந்திருந்தன. அவை பொருந்துமா என்று பார்க்க ஊரே வந்தது. எங்கள் பக்கத்தில் கூரைக்குக் கீழே யாரும் துவக்கு நிரப்பமாட்டார்கள், வீட்டுக்கு ஆகாது என்பார்கள். ஆகவே தாழ்ப்பாளைத் திறக்காமலே, குழலின் வாயில் தோட்டாவின் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். நகக்கண் அளவுக்கு உள்ளே போய் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார், கந்தோர் நண்பர்கள் பார்த்தார்கள், உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய ஊர் விதானையார் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன துவக்குக்கு வெள்ளைக்காரன்ர தோட்டா போகாமல் வேற என்ன போகும்?" என்று விதானையார் தீர்ப்புச் சொன்னார்.

பொய் சொல்லக்கூடாது, நானும் வைத்துப் பார்த்தேன். காப்பு வாங்கப் போனவள் மணிக்கட்டை விட்டுவிட்டு விரலை அளந்த கதைதான்.

கதிர் பால் பிடித்த நேரம் இவர் லீவு போட்டு, காற்சட்டையும் தொப்பியுமாக வயலுக்குப் போனார். அங்கே நடந்ததைத் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். பொழுது பட்டதும் பன்றிகள் வரம்பில் ஏறின. இவர் தாழ்ப்பாளைத் திறந்து தோட்டாவை வைத்தார். அது பாதி போய் இறுகிவிட்டது. இழுத்தார், தள்ளினார், உள்ளங்கையால் குத்தினார். பன்றிகள் அவசரப்படவில்லையாம். பெரியது ஒன்று தலையை நிமிர்த்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் சாப்பிடத் தொடங்கியதாம். அந்தப் போகம் அரைவாசி நெல்லும் இல்லை.

கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார், நானா என்போம். கடற்படைத் தளத்தின் ஆயுதக் களஞ்சியத்தில் பல வருடம் வேலை செய்தவர். அவரிடம் போகச் சொல்லி நான்தான் துரத்தினேன், நானும் கூடவே போனேன். துவக்கைக் கையில் வாங்கியதும் அவர் குழலின் வாயைப் பார்க்கவே இல்லை. தாழ்ப்பாளைக் கழற்றி வைத்தார், குழலுக்குள் சற்றுத் தள்ளிச் சீலைத்துண்டை அடைத்தார், மெழுகுதிரியை உருக்கிப் பின்பக்கத்தால் ஊற்றினார். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிந்ததும் ஒரு கம்பியால் தள்ளினார். வெள்ளை மெழுகில் வழுவழுவென்று ஒரு தோட்டா வந்து விழுந்தது. பக்கத்தில் எங்கள் தோட்டாவை நிறுத்தினார். மெழுகின் கழுத்து மெல்லியது, எங்களுடையதின் கழுத்து தடித்தது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும் வித்தியாசம்.

"வாயில வெச்சு அளக்கிறது என்ன கதை தம்பி? தோட்டா உக்காருற இடம் பின்னால," என்று இவரிடம் சொன்னார். பிறகு குழலின் மேல்பக்கம் சுரண்டியிருந்த ஓரிடத்தைத் தடவிக் காட்டினார். "இதுல ஒரு அடையாளம் இருந்திருக்கு. இது யப்பான்காரன்ட துவக்கு. தோத்தாப் பிறகு ஒப்படைச்ச சாமான். ஆரோ ஒரு வெள்ளைக்காரன் ஞாபகத்துக்கு எடுத்து வந்திருப்பான்."

"இதுக்குத் தோட்டா எடுக்கலாமோ நானா?" என்று இவர் கேட்டார்.

"ஏலாது தம்பி. அதைச் செய்யிறவனே இப்ப இல்ல. இந்த அஞ்சையும் போற வழியில கடல்ல போட்டிருங்க. தேய்ச்சுக் கீய்ச்சு உள்ள விட்டுராதிங்க, கண்ணு போயிரும்."

கிண்ணியாத் துறையைப் படகில் கடக்கும்போது இவர் ஐந்தையும் தண்ணீருக்குள் போட்டார். அத்தோடு புத்தி வந்துவிடும் என்று நான் நம்பினேன். நான் அப்போது இளம் பெண்.

அதன் பிறகுதான் தேடல் மும்முரமானது. கொழும்புத் துவக்குக் கடைகளுக்குக் கடிதம் போட்டார், முத்திரைக்குப் பஞ்சமில்லாத மனிதர். துறைமுகத்துக்கு ஒரு யப்பான் கப்பல் வந்தபோது, நானாவிடம் கேட்டு வாங்கி வந்த மெழுகுத் தோட்டாவைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு ஜெற்றிக்கு ஓடினார். கப்பல்காரர்கள் அதைச் சுற்றி நின்று சிரித்து, முதுகில் தட்டி, ஒரு கலண்டர் கொடுத்து அனுப்பினார்கள். பூ மரங்கள் போட்ட அழகான கலண்டர். அதை மாட்டி வைத்து, பன்றி தின்ற நாட்களை நான் அதில் எண்ணலாம் என்று சொன்னேன்.

பழைய துவக்கைக் கொந்தராத்துக்காரர் அப்போதே விற்றுவிட்டிருந்தார். அரசாங்கக் கச்சேரியில் இரண்டாவது துவக்குக்கு அனுமதி கிடையாது என்றார்கள். இதைக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுங்கள் என்று கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், இரண்டு நாள் சமைக்காமலும் இருந்து பார்த்தேன்.

"சரியான தோட்டா மட்டும் கிடைக்கட்டும், பாரும்," என்பார். துவக்கு அலுமாரிக்குள் எண்ணெய் பூசி இருந்தது. மெழுகுத் தோட்டா நான் சமைக்கும் குசினி யன்னலில் நின்றது. தம்பி மண்ணெண்ணெய்த் தகரத்தை அடித்துக்கொண்டு வயலைக் காவல் காத்தான்.

மூன்றாவது போகமும் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தான். கதிரையில் உட்கார்ந்தவன் அத்தானின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, இனி என்னால ஏலாது. பண்டிக்கு வேளாண்மை செய்து குடுக்கிறதுக்கு நான் ஆளில்லை."

வயலை விற்றோம். விற்பனை உறுதியில் கையெழுத்து வைத்தது நான். திரும்பி வரும்போது லோஞ்சில், ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். இவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வருடம் கழித்து நாட்டில் குழப்பம் வந்தது. துவக்கு வைத்திருப்பவர்கள் எல்லாரும் தோட்டாவோடு கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். இவர் துவக்கைப் பெட்சீற்றில் சுற்றினார். அதைத் தனியே தூக்கிப் போக வெட்கமோ பயமோ, என்னையும் வரச் சொன்னார்.

பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். "தோட்டா?" என்று கேட்டார். இவர் கைலேஞ்சியை அவிழ்த்து மெழுகை மேசையில் வைத்தார். அவர் அதை எடுத்து முகர்ந்தும் பார்த்தார்.

"இதே உங்கட தோட்டா? சரி, இவ்வளவு காலமும் இந்தத் துவக்கால என்ன சுட்டனீங்கள்?"

கந்தோர் நண்பர்களிடம் பன்றி சுட்டதாக அளக்கிற கதையை இங்கேயும் அவிழ்ப்பார் என்று நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"மனிசியின்ர வயலை," என்றார்.

அந்த வசனத்தை நான் எத்தனையோ வருடமாக, கூரேற்றி, வாய்க்குள் வைத்திருந்தேன். அவரே சொல்லிவிட்ட பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பொலிஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோட்டா பற்றி ஒன்றும் எழுதாமல் பற்றுச்சீட்டைக் கிழித்துத் தந்தார்.

வரும் வழியில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி வாங்கினோம். கல்லும் உமியுமாக இருந்தது. பையை அவர்தான் வீடு வரைக்கும் தூக்கி வந்தார்.